ஜீனோவுக்குக் கால் வலிக்காதா?

கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை ஒரே ராத்திரியில் படித்து முடித்தேன். ஹாஸ்டலில் பத்துக் கை மாறி, அட்டை கிழிந்து வந்த பிரதி. இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதே நாவலைத் திரும்பப் படித்தேன். பக்கத்தில் நான் செய்த ஆறு கால் ரோபோ கவிழ்ந்து கிடந்தது. அதன் நடுக்கால் மோட்டார் கருகிய வாசனை இன்னும் போகவில்லை. அந்த நிலைமையில் படித்ததால்தானோ என்னவோ, முதல் தடவை தோன்றாத ஒரு கேள்வி இந்தத் தடவை தோன்றியது. இந்த ஜீனோ எப்படி நடக்கிறது?

கேள்வி சின்னதுதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு போனதில் அந்த நாவலைப் பற்றியும், பொதுவாக நாம் இயந்திரங்களைக் கற்பனை செய்யும் விதத்தைப் பற்றியும் என் அபிப்பிராயம் கொஞ்சம் மாறிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். நாவலைப் படிக்காதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கதையின் முக்கியமான முடிச்சு ஒன்றைக் கீழே அவிழ்த்திருக்கிறேன்.

வாய் உண்டு, எடை இல்லை

1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷனிலும் தொடரான கதை இது. நாம் இப்போதுதான் தாண்டி வந்திருக்கும் 2020-களின் தொடக்கத்து இந்தியாவில் நடக்கிறது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. குழந்தை பெற அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். பெயர்கள் எல்லாம் இரண்டே எழுத்து: நிலா, சிபி, ரவி, மனோ. நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் வீட்டில் தங்க வரும் ரவி கூடவே ஒரு இயந்திர நாயைக் கொண்டுவருகிறான். அதுதான் ஜீனோ. கடைசியில் ஜீவா என்று ஒரு ஆளே இல்லை, அது வெறும் ஹோலோகிராம் பிம்பம் என்று தெரிகிறது.

ஜீனோ பேசும். கிண்டலடிக்கும். கிடைத்த புத்தகத்தை எல்லாம் படிக்கும். படித்துப் படித்தே எஜமான் சொன்னதைச் செய்யும் பொம்மை என்ற நிலையிலிருந்து தானே யோசிக்கும் நிலைக்கு வரும். தமிழ் வாசகர்கள் இன்றைக்கும் அதை மறக்காமல் இருப்பதற்குக் காரணம் இந்தப் பேச்சும் படிப்பும்தான். நாய்க்குட்டியின் உடம்பில் ஒரு குறும்புக்காரத் தத்துவவாதியை உட்கார வைத்தது சுஜாதாவின் பெரிய வெற்றி.

ஆனால் அந்த உடம்பு இருக்கிறதே, அது கதைக்கு ஒரு பொருட்டே இல்லை. ஜீனோ வருகிறது, போகிறது, ஓடுகிறது. என்ன எடை இருக்கும், எந்தத் தரையில் வழுக்கும், காலில் எத்தனை மூட்டு, இடறி விழுந்தால் எப்படி எழுந்திருக்கும் என்ற கவலை கதாசிரியருக்கும் இல்லை, படிக்கும் நமக்கும் இல்லை. நான் அப்போது எலெக்ட்ரானிக்ஸ் மாணவன், எனக்கே இல்லை. நடப்பது ஒரு பெரிய விஷயமா என்ன?

அண்டா கணக்கு

பெரிய விஷயம்தான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது திண்ணையில் கிடந்த அந்த ஆறு கால் ஜந்து.

வீட்டிலிருந்து வேலை என்று ஆனபிறகு ஊருக்கே வந்துவிட்டேன். சாயந்திரங்களில் ஏதாவது கையால் செய்யலாம் என்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாமான்கள் வாங்கி வந்து ஆரம்பித்தேன். ஒரு காலுக்கு மூன்று மூட்டு: இடுப்பில் முன்னும் பின்னும் திரும்ப ஒன்று, தொடையைத் தூக்க ஒன்று, முழங்காலுக்கு ஒன்று. ஆறு காலுக்குப் பதினெட்டு சர்வோ மோட்டார். எம்ஜி996ஆர் வகை மோட்டார் ஒன்று 55 கிராம், பதினெட்டும் சேர்ந்தால் 990 கிராம். அதாவது தன்னைத் தூக்குவதற்கான தசையே ஒரு கிலோ. சர்வோக்களுக்குச் சமிக்ஞை அனுப்பும் பிசிஏ9685 பலகையில் பதினாறு வாசல்தான் இருக்கிறது, ஆகவே இரண்டு பலகை. மேலே ஒரு ஈஎஸ்பி32, லித்தியம் பாலிமர் பேட்டரி, அக்ரிலிக் உடம்பு. எல்லாம் சேர்த்து 2.4 கிலோ வந்தது.

ஆறு கால் பூச்சிகள் வேகமாகப் போகும்போது மும்மூன்று கால்களாக மாற்றி மாற்றி வைக்கும். ஒரு பக்கத்தின் முன்னங்காலும் பின்னங்காலும், எதிர்ப்பக்கத்தின் நடுக்காலும் தரையில் இருக்கும்போது மற்ற மூன்றும் காற்றில் இருக்கும். எப்போதும் தரையில் ஒரு முக்காலி இருப்பதால் எந்த நொடியில் நிறுத்தினாலும் விழாது. நாய் அப்படி இல்லை. அது துள்ளி ஓடும்போது எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு கால்தான் தரையில் இருக்கும், பாதி வழியில் உறைந்துவிட்டால் சாய்ந்துவிடும். என்னைப் போன்றவர்கள் ஆறு காலைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இந்தச் சௌகரியம்தான்.

கணக்குப் போட்டேன். 2.4 கிலோவை மூன்று கால் சுமந்தால் காலுக்கு 800 கிராம். தொடை மூட்டிலிருந்து பாதம் 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே மூட்டுக்கு 8 கிலோ-சென்டிமீட்டர் திருப்புவிசை வேண்டும். மோட்டாரின் தரவுத்தாளில் 6 வோல்ட்டில் 11 என்று போட்டிருக்கிறது. போதும் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் நடுக்கால் மோட்டார் ஒன்று கருகியது. மாற்றினேன். நாலாம் நாள் எதிர்ப்பக்கத்து நடுக்கால். முன்னங்காலும் பின்னங்காலும் ஒன்றும் ஆகவில்லை.

தப்பு மோட்டாரில் இல்லை, என் கணக்கில். கல்யாண வீட்டில் சாம்பார் அண்டாவை மூன்று பேர் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் இரண்டு பேர் பிடிக்க, மறுபக்கம் ஒருத்தர் தனியாகப் பிடித்தால், அந்தத் தனி ஆளுக்குப் பாதி எடை. மூன்றில் ஒரு பங்கு இல்லை. என் ரோபோவின் நடுக்கால்தான் அந்தத் தனி ஆள். அதற்கு 1.2 கிலோ, அதாவது 12 கிலோ-சென்டிமீட்டர். தரவுத்தாளில் போட்டிருக்கும் 11 என்பது மோட்டார் அசையாமல் திணறி நிற்கும் எல்லை, தினசரி வேலைக்கான அளவு இல்லை. நான் அந்த எல்லைக்கும் மேலே சுமையை ஏற்றி வைத்துவிட்டு, ஏன் கருகுகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பி.இ. படித்தவன், வெட்கமாகத்தான் இருந்தது.

பாதத்தை உடம்புக்கு நெருக்கமாக 6 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். சுமை 7.2 ஆகக் குறைந்தது, ஆனால் அடி குட்டையாகி, நடை தத்தித் தத்தி ஆனது. அப்புறம் மூன்று மூன்றாகத் தூக்குவதை விட்டுவிட்டு ஒரு நேரத்தில் ஒரு கால் மட்டும் தூக்கும் அலை நடைக்கு மாறினேன். மெதுவாகப் போகும் பூச்சிகளும் இப்படித்தான், பின்னங்காலிலிருந்து முன்னங்காலுக்கு அலை போல ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும். ஐந்து கால் எப்போதும் தரையில் இருப்பதால் எந்தக் காலும் தனி ஆளாக மாட்டிக்கொள்ளாது. வேகம் போச்சு, மோட்டார் பிழைத்தது.

இன்னொரு கூத்து. சுவிட்சைப் போட்டதும் பதினெட்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் நிமிரப் பார்க்கும். ஒவ்வொன்றும் திணறும்போது 2.5 ஆம்பியர் இழுக்கக்கூடியது, மொத்தம் 45 ஆம்பியர் வரை போகலாம். மின்னழுத்தம் சட்டென்று இறங்கி மூளைப் பலகை அணைந்துபோகும். மோட்டார்கள் தளர்ந்து ரோபோ படுத்துவிடும். சுமை போனதும் மின்னழுத்தம் ஏறும், மூளைக்கு உயிர் வரும், மறுபடி பதினெட்டையும் நிமிர்த்தும், மறுபடி மயக்கம். பத்து நிமிஷம் விழுந்தும் எழுந்தும் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது. மூளைக்குத் தனி மின்வழி கொடுத்து, கால்களை ஒவ்வொன்றாக எழுப்பும்படி மாற்றியபிறகுதான் நின்றது.

சிட்டி ஞாபகம் வந்தது. 2010-ல் வந்த 'எந்திரன்' படத்தில் சிட்டி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது பெருமையாகச் சொல்வது வேகத்தையும் நினைவகத்தையும். இரண்டும் மண்டைக்குள் இருப்பவை. சார்ஜ் தீர்ந்து தவிக்கும் காட்சி படத்தில் உண்டு, அந்த மட்டில் நியாயமாகச் சொல்லவேண்டும். ஆனால் தன் எடையைத் தானே சுமப்பது ஒரு வேலை என்ற உணர்ச்சி சிட்டியிடமும் இல்லை, ஜீனோவிடமும் இல்லை.

நடையை ஒப்பித்தல்

கால் கருகுவது நின்றதும் மொட்டை மாடியில் நன்றாகவே நடந்தது. ஒவ்வொரு பாதமும் எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்து, அதற்கு மூன்று மூட்டும் எந்தக் கோணத்தில் இருக்கவேண்டும் என்று திரிகோணமிதியில் கணக்கிட்டு, நொடிக்கு 50 தடவை பதினெட்டு கோணங்களை அனுப்பும் நிரல். எழுதி முடித்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

அப்புறம் அதை வரப்புக்கு எடுத்துப் போனேன். மூன்றாவது அடியில் வலது முன்னங்கால் ஒரு நண்டு வளைக்குள் இறங்கியது. கீழே தரை இல்லை என்று என் நிரலுக்குத் தெரியாது. கணக்குப்படி பாதம் தரையில் இருக்கிறது, ஆகவே அடுத்த காலைத் தூக்கு. தலைகுப்புற வாய்க்காலில்.

அன்றைக்கு ராத்திரி யோசித்தபோது ஒன்று புரிந்தது. என் ரோபோ நடக்கவே இல்லை. மாடியில் அது நடையை ஒப்பித்துக்கொண்டிருந்தது. திருக்குறளை அர்த்தம் தெரியாமல் ஒப்பிக்கும் பையனுக்கு ஒரு சீர் மறந்தால் அடுத்தது வராது என்பது மாதிரி, தரை கொஞ்சம் மாறினால் அதற்கு அடுத்த அடி தெரியாது.

ரோபோக்காரர்களுக்கு இது பழைய செய்தி. 1989-ல் எம்ஐடியில் ராட்னி ப்ரூக்ஸ் 'செங்கிஸ்' என்ற ஆறு கால் ரோபோவைப் பற்றி எழுதினார். சுமார் ஒரு கிலோ எடை, காலுக்கு இரண்டு வீதம் பன்னிரண்டு மோட்டார். அதில் உலகத்தின் வரைபடமும் இல்லை, எல்லாவற்றையும் கணக்கிட்டு ஆணையிடும் ஒரு தலைமை மூளையும் இல்லை. ஐம்பத்தேழு சின்னச் சின்ன நிரல் எந்திரங்கள். 'நான் மேலே இருந்தால் கீழே இறங்கு', 'எதிலாவது முட்டினால் இன்னும் உயரத் தூக்கு' என்கிற அளவில்தான் அவற்றின் புத்தி. அவை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியபோது மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும் ஒரு பூச்சி வந்துவிட்டது. அறிவு என்பது முதலில் தலையில் உட்கார்ந்து பிறகு காலுக்கு இறங்குவது என்ற நம்பிக்கைக்கு அது பெரிய அடி.

நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆறு பாதத்திலும் சின்ன அழுத்துசுவிட்ச் வைத்தேன். 'இந்த இடத்துக்குப் போ' என்ற கட்டளையை 'தரை தட்டும்வரை இறங்கு, தட்டாவிட்டால் வேறு இடத்தில் வை' என்று மாற்றினேன். நிரலில் பாதிக்கு மேல் தேவையில்லாமல் போனது. காய்ந்த வரப்பில் இப்போது பத்தடி போகிறது. சேற்றில் இல்லை.

ஆயா

சேறு பற்றிச் சொல்ல எதிர்வீட்டு ஆயா வரவேண்டும். எழுபது வயசுக்கு மேல். வாழ்நாள் முழுக்க நடவு, களையெடுப்பு, அறுப்பு. தலையில் புல்லுக்கட்டை வைத்துக்கொண்டு ஒரு அடி அகல வரப்பில் யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டே நடப்பவர். நடவு முடிந்த கழனி ஓரத்தில் நான் ரோபோவைச் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏம்பா, ஆறு கால வச்சிக்கினு நடக்கத் தெரியலயா அதுக்கு?"

"கால் மாட்டிக்குது ஆயா. எடுக்க வரல."

"நேரா இழுத்தா எப்பிடி வரும்? குதிகால மொதல்ல எடு. காத்து உள்ள போவும். அப்பறம் தானா வரும்."

அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார். நான் அங்கேயே செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப் பார்த்தேன். பாதத்தை மட்டமாக வைத்து நேராகத் தூக்கினால் அடியில் வெற்றிடம் உண்டாகிச் சேறு உறிஞ்சிப் பிடிக்கிறது. குதிகாலைச் சாய்த்து எடுத்தால் காற்று நுழைந்து பிடி விடுகிறது. இதை நான் பிறந்த ஊரில் நாற்பது வருஷமாகக் கால் செய்துகொண்டிருக்கிறது. தலைக்குத் தெரியாது.

என் ரோபோவின் கூரான ரப்பர் நுனிகள் சேற்றில் புதைந்தன. அகலமான தட்டை மாட்டியபோது புதையவில்லை, உறிஞ்சிக்கொண்டது. இப்போது தட்டின் ஒரு ஓரத்தில் மட்டும் கீல் வைத்து, தூக்கும்போது ஒரு பக்கம் முதலில் எழும்படி மாற்றியிருக்கிறேன். முன்னேற்றம் உண்டு, ஆனால் சேற்றில் நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். நாலைந்து அடி. நடவுக்காரர்கள் முழங்கால் சேற்றில், குனிந்தபடி, பின்னோக்கி, நட்ட நாற்றை மிதிக்காமல் நாள் முழுக்க நடப்பவர்கள். அதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை நான் மிகைப்படுத்தவில்லை.

ஆயா நூறு நாள் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர். 2005-ஆம் ஆண்டின் அந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் அவர் செய்த வேலையைத் திறன் தேவைப்படாத உடலுழைப்பு என்ற வகையில் வைத்தது. சட்டத்தின் நோக்கம் யாரையும் சிறுமைப்படுத்துவது இல்லை, படிப்பும் பயிற்சியும் கேட்காமல் யாருக்கும் வேலை கொடுக்கவேண்டும் என்பதுதான். இருந்தாலும் அந்தத் திறனில்லாத காரியத்தில் நூறில் ஒரு பங்கைப் பதினெட்டு மோட்டாருக்குக் கற்பிக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆகியிருக்கிறது. அந்தச் சொல்லை இனிமேல் என்னால் சாதாரணமாகப் படிக்க முடியாது.

சுஜாதாவுக்குத் தெரியாதா?

'கதையில் போய் மோட்டார் கணக்குக் கேட்பாயா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தொழில்நுட்ப விவரம் இல்லை என்பது என் குறை இல்லை. ஜீனோவின் பேச்சுக்கும் ஒரு விவரமும் கிடையாது, ஆனால் பேச்சு அதன் குணத்தை உண்டாக்குகிறது. நடைக்கு அந்த வேலை தரப்படவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. படியேற முடியாமல் நிலாவைக் கெஞ்சும் ஜீனோவை, மூட்டில் மண் புகுந்து நொண்டும் ஜீனோவை எண்ணிப் பாருங்கள். அதன் விசுவாசத்துக்கு ஒரு விலை வந்திருக்கும். இப்போது அது செய்யும் உதவி எல்லாம் புத்திசாலித்தனம், உழைப்பு இல்லை. 'ரோபோ' என்ற சொல்லே காரெல் சாபெக்கின் 1920-ஆம் ஆண்டு நாடகத்தில், கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. உழைக்கும் உடம்பாகப் பிறந்த பாத்திரம் நம்மிடம் வரும்போது வாயாடியாக வந்து சேர்ந்திருக்கிறது.

சுஜாதாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. எம்ஐடி குரோம்பேட்டையில் படித்தவர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர். ஒரு பொத்தானை அமுக்கினால் ஒரே ஒரு ஓட்டுதான் விழவேண்டும், தூசியிலும் வெயிலிலும் கிராமத்துப் பள்ளிக்கூடத்து மேஜையில் வேலை செய்யவேண்டும் என்பதெல்லாம் அந்த இயந்திரத்தின் நிபந்தனைகள். இப்படிப்பட்ட ஆளுக்கு உடம்பின் கஷ்டம் தெரியாதா? அலுவலகத்தில் அவர் செய்த இயந்திரம் பேசாது, கதையில் செய்த இயந்திரம் பேசாமல் இருக்காது. வாராவாரம் வாசகரைப் பிடித்து வைக்கவேண்டிய தொடர்கதைக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இங்கே நான் அவருக்குச் சாதகமாக ஒன்றும் சொல்லியாகவேண்டும். படித்துப் படித்தே பேசக் கற்கும் இயந்திரம் என்பது 1980-களில் சிரிப்புக்கான கற்பனை. இன்றைக்கு நாம் தினமும் பேசும் மொழி மாதிரிகள் மலை மலையாக எழுத்தைப் படித்துத்தான் பேசக் கற்றன. சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பரில், கிட்டத்தட்ட ஜீனோ வாழ்ந்த காலத்தில். கால்களும் அதே சமயத்தில்தான் வந்தன. பாஸ்டன் டைனமிக்ஸின் நாலு கால் 'ஸ்பாட்' 2020-ல் பொது விற்பனைக்கு வந்தது. அதன் நிறுவனர் மார்க் ரெய்பர்ட் ஒற்றைக் காலில் குதிக்கும் இயந்திரங்களில் வேலை செய்துகொண்டிருந்தது 1980-களின் தொடக்கத்தில். ஒரு கால் நாலு காலாகிக் கடைக்கு வர நாற்பது வருஷம். ஹான்ஸ் மொராவெக் 1988-லேயே எழுதினார்: அறிவுச் சோதனைகளில் பெரியவர்களைப் போலக் கணினியைத் தேறவைப்பது ஒப்பீட்டில் சுலபம், பார்ப்பதிலும் நடமாடுவதிலும் ஒரு வயசுக் குழந்தையின் திறமையைக் கொடுப்பதுதான் கடினம் என்று. சுஜாதா கடினம் என்று நினைத்து விஸ்தாரமாக எழுதிய பாதி நிஜமாகவே சுலபமான பாதியாக முடிந்தது. எழுதாமல் தாண்டிப்போன பாதி இன்னும் முழுசாக வரவில்லை.

இது அவருடைய தவறு மட்டும் இல்லை, அவர் காலத்துக்கு மட்டும் உரியதும் இல்லை. 2018-ல் திருவனந்தபுரத்து ஜென்ரோபாட்டிக்ஸ் இளைஞர்கள் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும் 'பாண்டிகூட்' என்ற ரோபோவைக் கொண்டுவந்தார்கள். பெருச்சாளியின் பெயர் வைத்த இயந்திரம். கை கால்களை விரித்து, மனிதன் மூச்சுமுட்டிச் செத்துக்கொண்டிருக்கும் குழிக்குள் அவனுக்குப் பதிலாக இறங்குவது. நம்மூரில் நிஜமாகத் தேவைப்பட்ட ரோபோ இதுதான். இதை வைத்து ஒரு சினிமாவோ தொடர்கதையோ நான் பார்க்கவில்லை. அது பேசாதே.

குடத்தில் யார் பெயர்?

உத்திரமேரூர் என்றாலே குடவோலை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறை. ஓட்டு இயந்திரக்காரரின் கதையை இந்த ஊரில் உட்கார்ந்து விமர்சிக்கும்போது அந்தச் சுவரைத் தாண்டிப் போக முடியவில்லை.

எங்களுக்கெல்லாம் பெருமைதான் அந்தக் கல்வெட்டு. கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் நிற்கக்கூடாது என்ற விதியை இன்றைக்கும் கைதட்டிப் பாராட்டலாம். ஆனால் யார் பெயர் குடத்துக்குள் போகலாம் என்பதையும் அதே கல்வெட்டு சொல்கிறது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்திலிருந்து எழுபதுக்குள். மந்திர பிராமணம் கற்றிருக்கவேண்டும். வேதமும் பாஷ்யமும் கூடுதலாகத் தெரிந்தால் அரைக்கால் வேலி நிலமே போதும். இது சதுர்வேதிமங்கலத்துச் சபை, அப்படித்தான் இருக்கும் என்பது சரி. நான் கவனிப்பது அந்தக் கடைசி விதியை. ஓதத் தெரிவது நிலத்தில் பாதிக்கு ஈடாகக் கணக்கில் வருகிறது. அந்த நிலத்தின் சேற்றில் நடக்கத் தெரிவது எதற்கும் ஈடாகவில்லை.

வாய்க்கு மதிப்பெண், காலுக்குப் பூஜ்யம் என்ற இந்தப் பழக்கம் ஆயிரம் வருஷம் கழித்து நம் இயந்திரக் கனவுகளுக்குள்ளும் வந்துவிட்டது என்பதுதான் என் விமர்சனம். ஜீவா வெறும் பிம்பம் என்று கண்டுபிடிப்பதை அந்த நாவலின் உச்சமாக வைத்தவர் சுஜாதா. உடம்பில்லாத அதிகாரத்தை அவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர், தன் அன்புக்குரிய ஜீனோவையும் கிட்டத்தட்ட உடம்பில்லாமல்தான் எழுதியிருக்கிறார். நாவலை நான் இன்னும் நேசிக்கிறேன். என் பெண்ணுக்கும் படிக்கக் கொடுத்திருக்கிறேன். அவள்தான் இந்த ஆறு கால் ஜந்துவுக்கு 'ஜீனோ' என்று பெயர் வைத்தாள். "அப்பா, இது ஏன்ப்பா பேச மாட்டேங்குது?" என்பது அவளுடைய முதல் கேள்வி. பேசவைப்பது ஒரு சனிக்கிழமை வேலை, சின்ன ஒலிபெருக்கியும் இணையமும் போதும் என்றேன். அவள் நம்பவில்லை.

இன்னும் பேசவைக்கவில்லை. அடுத்த நடவுக்குள் சேற்றில் பத்தடி போகவேண்டும், அதற்குத் தொடை மூட்டில் இன்னும் பலமான சர்வோ வேண்டும், அப்படிச் செய்தால் எடை கூடும், எடை கூடினால் மறுபடி அண்டா கணக்கு. ஆயா போகும்போதும் வரும்போதும் ஒரு தடவை நின்று பார்க்கிறார். நேற்று, "இன்னும் நேராவே இழுக்குது பாரு" என்றார். பார்த்தேன். பின்னங்கால் இரண்டிலும் கீலைத் தலைகீழாக மாட்டியிருந்தேன்.

இயந்திரம் இடறி விழுகிற, களைத்துப்போகிற, தன் எடையை உணர்கிற தமிழ்க் கதை ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். நான் தேடியவரையில் அகப்படவில்லை. இருந்தால் படிக்க ஆசை.